வாசகர் கேள்வி – பதில்: காட்டுப் பாதை வாகனங்களும் ஏஜிஎம் பேட்டரியும்

வார இறுதியில் மண் பாதைகளையும் ஆற்றுத் துறைகளையும் தேடிப் போகும் வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளில் பெரும்பாலானவை இம்முறை ஏஜிஎம் பேட்டரியைப் பற்றியே இருந்தன. ஆகவே இந்த இதழின் பகுதியை முழுவதுமாக அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: பழைய ஹைலக்ஸ் ஒன்றை வாங்கியிருக்கிறேன், ஐயா. ஏஜிஎம் பேட்டரி போட்டால் பல ஆண்டுகளுக்குக் கவலையே இல்லை என்கிறார் பட்டறைக்காரர். விலையோ சாதாரண பேட்டரியைப் போல் இரண்டு மடங்கு. இரண்டு மாதத்திற்கு ஒரு முறை உலு லங்காட் பக்கம் போவேன்; மற்ற நாள்களில் அலுவலகத்துக்கு ஓட்டுவதோடு சரி. வாங்கலாமா?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

ஏஜிஎம் பேட்டரியும் ஈயத் தகடும் கந்தக அமிலமும் கொண்ட பேட்டரிதான். வேறுபாடு என்னவென்றால், இதில் அமிலம் தளும்பிக்கொண்டிருப்பதில்லை. தகடுகளுக்கு இடையே வைத்து அழுத்தப்பட்ட மெல்லிய கண்ணாடி இழை விரிப்பு, பஞ்சு நீரை உறிஞ்சுவதுபோல அதை உறிஞ்சி வைத்திருக்கிறது. தகடுகள் நெருக்கமாக இறுகி நிற்பதால் கரடுமுரடான பாதையின் அதிர்ச்சியில் அவற்றின் பூச்சு எளிதில் உதிர்வதில்லை. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றாலும் அமிலம் வழிவதில்லை. உள்தடை குறைவாக இருப்பதால் பெரிய மின்னோட்டத்தைச் சட்டென்று கொடுக்கவும் வாங்கவும் முடிகிறது. காட்டுப் பாதைக்கு இம்மூன்றும் உண்மையான பயன்கள்.

பட்டறைக்காரர் சொல்லாமல் விட்டது வெப்பத்தைப் பற்றிய செய்தி. வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸைத் தாண்டி ஒவ்வொரு 10 டிகிரி உயரும்போதும் ஈய-அமில பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகக் குறையும் என்பது பொறியாளர்கள் பொதுவாகக் கொள்ளும் கணக்கு. ஏஜிஎம் அதற்கு விலக்கன்று. கோலாலம்பூரில் நண்பகல் வெப்பமே 32, 33 டிகிரியைத் தொடும்போது, நெரிசலில் நின்று நின்று போகும் டீசல் வண்டியின் எஞ்சின் அறைக்குள் நிலைமை எப்படியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. சாதாரண பேட்டரியில் ஆவியாகும் நீரை மூடி திறந்து ஊற்றி ஈடுகட்டலாம். மூடப்பட்ட ஏஜிஎம்மில் ஒருமுறை போன நீர் போனதுதான். ஐரோப்பியக் கார்கள் பலவற்றில் ஏஜிஎம் பேட்டரியைப் பின்பெட்டியில் கொண்டுபோய் வைத்திருப்பதற்கு எடைப் பகிர்வு மட்டுமே காரணமன்று.

தங்களுடைய பயன்பாட்டை வைத்துச் சொல்வதானால், வண்டியில் விஞ்ச்சும் (சேற்றில் சிக்கிய வண்டியைக் கயிறு சுற்றி இழுக்கும் மின்பொறி) குளிர்பெட்டியும் இல்லையென்றால் நல்ல தரமான, அளவு பொருந்திய சாதாரண பேட்டரியே போதும். மிச்சமாகும் பணத்தில் பேட்டரியைப் பிடித்து நிறுத்தும் இரும்புப் பட்டையைச் சீராக்கி, பழைய எர்த் கேபிளை மாற்றிவிடலாம். விஞ்ச் பொருத்தும் எண்ணம் இருந்தால் கணக்கு மாறும். 9,500 பவுண்டு இழுவை கொண்ட 12 வோல்ட் விஞ்ச் முழுச் சுமையில் 400 ஆம்பியர் அளவுக்கு உறிஞ்சும். எஞ்சினோடு சுழன்று மின்சாரம் ஆக்கும் ஆல்டர்னேட்டர் தருவதோ பெரும்பாலும் 80 முதல் 130 ஆம்பியர் வரைதான். எஞ்சிய அத்தனையையும் பேட்டரிதான் தர வேண்டியிருக்கிறது. 1997 முதல் இந்நாட்டில் மழைக்காலச் சேற்றில் நடந்துவரும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போன்ற போட்டிகளில் விஞ்ச் இல்லாமல் நகரவே முடியாது. அத்தகைய வேலைக்கு ஏஜிஎம் கொடுத்த காசுக்குத் தகுந்தது.

கேள்வி: கடையில் ஒரே அளவுள்ள இரண்டு ஏஜிஎம் பேட்டரிகளைக் காட்டினார்கள். ஒன்றில் சிசிஏ அதிகம், மற்றொன்றில் ஆம்பியர்-மணி அதிகம். நம் நாட்டில் குளிரே இல்லையே, சிசிஏயைப் பார்க்க வேண்டுமா?
– வாசகர், பட்டர்வொர்த், பினாங்கு

மைனஸ் 18 டிகிரியில், 30 வினாடிகளுக்கு, 7.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் ஒரு பேட்டரி தரக்கூடிய மின்னோட்டமே சிசிஏ. அந்தக் குளிர் நமக்கு வரப்போவதில்லை என்றாலும், பேட்டரியின் உள்தடை எவ்வளவு குறைவு என்பதை இந்த எண் மறைமுகமாகக் காட்டுவதால், ஸ்டார்ட்டர், விஞ்ச் இரண்டுக்கும் அது பொருளற்ற எண் ஆகிவிடாது. அதே பெட்டிக்குள் சிசிஏயைக் கூட்ட வேண்டுமானால் மெல்லிய தகடுகளை அதிக எண்ணிக்கையில் அடுக்க வேண்டும். அப்படிப்பட்ட பேட்டரி அடிக்கடி ஆழமாக வடிந்தால் தாங்காது. ஆம்பியர்-மணியை, அதாவது பேட்டரியின் மொத்தக் கொள்ளளவை, முதன்மையாகக் கொண்டவற்றில் தகடுகள் தடிப்பாக இருக்கும். எனவே எஞ்சினைக் கிளப்பவும் விஞ்ச்சுக்கும் முன்னதைத் தேர்ந்தெடுங்கள். முகாம் விளக்கு, குளிர்பெட்டி ஆகியவற்றுக்கு இரண்டாவது பேட்டரி வைப்பதானால் பின்னதைத் தேர்ந்தெடுங்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை இன்னும் சில உண்டு. அளவைக் குறிக்கும் எண்ணின் கடைசியில் வரும் எல், ஆர் என்ற எழுத்து நேர்முனை எந்தப் பக்கம் என்பதைச் சொல்கிறது. அது மாறினால் கேபிள் எட்டாது, எட்ட இழுத்தால் ஆபத்து. உற்பத்தித் தேதியைக் கேளுங்கள். மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: நிறைந்த ஏஜிஎம் ஓய்வில் 12.8 வோல்ட்டுக்கு மேல் காட்டும், 12.5க்குக் கீழே இருப்பது அலமாரியில் நெடுநாள் கிடந்தது, எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம்.

கேள்வி: புதிதாக ஒரு பிக்அப் எடுத்திருக்கிறேன். வெள்ளி மாலை புறப்பட்டு ஞாயிறு காலை திரும்பும் முகாம்களுக்குக் குடும்பத்தோடு போகிறோம். 45 லிட்டர் குளிர்பெட்டி ஓட, 100 ஆம்பியர்-மணி ஏஜிஎம் ஒன்றைப் பின்னால் வைத்து, ரிலே வழியாக ஆல்டர்னேட்டரோடு இணைத்தேன். இரண்டாம் இரவில் குளிர்பெட்டி நின்றுவிடுகிறது. பேட்டரியில் குறையா?
– வாசகர், பாலிக் பூலாவ், பினாங்கு

பெரும்பாலும் பேட்டரியில் குறை இராது; கணக்கில் குறை, மின்னேற்றத்தில் அதைவிடப் பெரிய குறை.

முதலில் செலவைப் பார்ப்போம். கம்ப்ரஸர் வைத்த 45 லிட்டர் குளிர்பெட்டி நம் வெப்பத்தில், குழந்தைகள் அடிக்கடி திறந்து மூடும் நிலையில், சராசரியாக 2 ஆம்பியர் எடுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். வெள்ளி மாலை முதல் ஞாயிறு காலை வரை சுமார் 38 மணி நேரம். ஆக 76 ஆம்பியர்-மணி. விளக்கும் கைப்பேசியும் சேர்த்தால் 85 ஆகும். ஏஜிஎம்மைப் பாதிக்கு மேல் வடிய விட்டால் அது தாங்கும் சுழற்சிகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறையும் என்பதால், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் தங்களுக்கு உண்மையில் உரியது 50 மட்டுமே. அதுவும் புறப்படும்போது பேட்டரி நிறைந்திருந்தால்.

தங்கள் பேட்டரி நிறைந்திருக்க வாய்ப்பே இல்லை என்று நினைக்கிறேன். அண்மைக்கால வண்டிகள் பலவற்றில் எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக ஆல்டர்னேட்டரின் வோல்ட்டைக் கணினி ஏற்றி இறக்குகிறது. முதன்மைப் பேட்டரி ஓரளவு நிறைந்ததும் அது 13 வோல்ட்டுக்கும் கீழே போய்விடக்கூடும். தாங்கள் பொருத்தியது போன்ற வோல்ட் உணரும் ரிலே பொதுவாக 13.3 வோல்ட் அளவில் இணைத்து 12.8 அளவில் பிரித்துவிடும். ஆகவே பாலிக் பூலாவிலிருந்து கடல் கடந்து பேராக் மலைகள்வரை ஓட்டினாலும் பின்னால் இருக்கும் பேட்டரிக்கு நேர்வது அரைகுறை ஏற்றம்தான், ஏஜிஎம்முக்கோ 14.4 முதல் 14.8 வோல்ட் வரை வேண்டும். தொடர்ந்து அரைகுறையாகவே கிடக்கும் தகட்டில் ஈய சல்பேட் படிகம் இறுகி, நாளடைவில் அது கரையாமல் நின்றுவிடும். நம் நாட்டில் காட்டுக்குப் போகும் ஏஜிஎம் பேட்டரிகளைக் கெடுப்பது குண்டும் குழியுமான பாதையைவிட வெப்பமும் இந்தப் பட்டினியும்தான் என்பது என் கருத்து.

தீர்வு, ரிலேயை எடுத்துவிட்டு டிசி-டிசி சார்ஜர் ஒன்றைப் பேட்டரிக்கு அருகில் வைப்பது. ஆல்டர்னேட்டர் தரும் வோல்ட் எதுவாயினும் அதை உயர்த்தி, ஏஜிஎம்முக்கு உரிய அளவில் அது கொடுக்கும். 25 ஆம்பியர் சார்ஜர் ஒன்று இரண்டு மணி நேர ஓட்டத்தில் 45 ஆம்பியர்-மணி வரை திருப்பித் தரும். ஆனால் கடைசி 20 விழுக்காட்டை நிரப்ப, பேட்டரியே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்வதால், பல மணி நேரம் பிடிக்கும். வீடு திரும்பியதும் சுவர்ச் சார்ஜரில் ஓர் இரவு போட்டு வைப்பது அதற்காகத்தான்.

கேபிளில் கஞ்சத்தனம் வேண்டாம். எஞ்சினிலிருந்து பின்பக்கம் போய்த் திரும்பும் பாதை 10 மீட்டர் என்றால், 6 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 30 ஆம்பியர் ஓடும்போது ஏறக்குறைய 0.9 வோல்ட் வழியிலேயே தொலைந்துபோகும்; 16 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இழப்பு 0.35 வோல்ட்டோடு நின்றுவிடும். நேர்முனைக் கம்பியின் இரு முனைகளிலும், ஒவ்வொரு பேட்டரியையும் ஒட்டி, ஃபியூஸ் இருக்க வேண்டும். ஒரு முனையில் மட்டும் வைத்தால், நடுவில் கம்பி உரசித் தேய்ந்து உடலைத் தொடும்போது மறுமுனைப் பேட்டரி அந்தக் கம்பியைத் தீயாக்கிவிடும். பேட்டரி இருக்கும் பெட்டியில் காற்றோட்டமும் வேண்டும், ஏனெனில் மூடப்பட்டது என்றாலும் மிகை ஏற்றத்தில் அதன் வால்வு திறந்து ஹைட்ரஜனை வெளிவிடும்.

சூரியத் தகடு உதவுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். 100 வாட் தகடு திறந்தவெளியில் நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 25 முதல் 30 ஆம்பியர்-மணி தரலாம். காட்டு மர நிழலில் ஏறத்தாழ ஒன்றும் தராது.

கேள்வி: அப்பா காலத்துச் சார்ஜர் ஒன்று வீட்டில் இருக்கிறது. அதில் ஏஜிஎம்மை ஏற்றலாமா?
– வாசகி, வங்சா மாஜு, கோலாலம்பூர்

வேண்டாம், அம்மா. வோல்ட்டைத் தானே கட்டுப்படுத்தாத பழைய சார்ஜர் 15, 16 வோல்ட் வரை ஏறிவிடும். ஏஜிஎம் கொதித்து வால்வு வழியாக நீரை இழக்கும். புதிய சார்ஜர்களிலும் சமன்படுத்தல், சல்பேட் நீக்கம் என்ற பெயர்களில் 15.5 வோல்ட்டுக்கு மேல் போகும் முறைகள் உண்டு. பேட்டரி தயாரிப்பாளர் அனுமதித்தாலொழிய அவற்றைத் தொட வேண்டாம். ஏஜிஎம் அமைப்பு உள்ள, வெப்பநிலையை உணர்ந்து வோல்ட்டைக் குறைக்கும் சார்ஜராகப் பார்த்து வாங்குங்கள். பேட்டரி 35 டிகிரியில் இருக்கும்போது, 25 டிகிரிக்குச் சொல்லப்பட்ட அளவிலிருந்து கால் வோல்ட் குறைத்து ஏற்றுவதே சரி.

கேள்வி: மூன்று வாரம் வெளியூர் போய்த் திரும்பியபோது என் ஜிம்னியின் ஏஜிஎம் 10.8 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தது. சார்ஜரும் அதை ஏற்க மறுக்கிறது. குப்பைக்குப் போக வேண்டியதுதானா?
– வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு

ஏஜிஎம் தானாக இழப்பது மாதத்திற்குச் சில விழுக்காடே. மூன்று வாரத்தில் இவ்வளவு இறங்கியது என்றால் வண்டியில் ஏதோ ஒன்று குடித்துக்கொண்டிருக்கிறது. டேஷ்கேம், அலாரம், இருப்பிடம் காட்டும் கருவி எல்லாம் சேர்ந்து 0.1 ஆம்பியர் எடுத்தாலும் ஒரு நாளைக்கு 2.4, 21 நாளைக்கு 50 ஆம்பியர்-மணி. ஜிம்னியில் வைக்கும் சிறிய பேட்டரிக்கு அது முழுக் கொள்ளளவுக்கும் அதிகம். நெடுநாள் நிறுத்தும்போது எதிர்முனையைக் கழற்றி வைப்பதே எளிய வழி.

சார்ஜர் மறுப்பதற்குக் காரணம், மிகக் குறைந்த வோல்ட்டைக் கண்டதும் பேட்டரி பழுது என்றோ இணைப்பே இல்லை என்றோ அது முடிவு செய்துவிடுவதுதான். நல்ல நிலையிலுள்ள 12 வோல்ட் பேட்டரி ஒன்றை நேர்முனைக்கு நேர்முனை, எதிர்முனைக்கு எதிர்முனையாக இணைத்து, சார்ஜரைத் தொடங்கி, சற்று நேரம் கழித்து அந்த நல்ல பேட்டரியை விலக்கிவிட்டு ஏற்றத்தைத் தொடரலாம். காற்றோட்டமான இடத்தில், பக்கத்திலேயே இருந்து செய்யுங்கள். பேட்டரி தொட முடியாத அளவுக்குச் சுட்டாலோ அழுகிய முட்டை நாற்றம் வந்தாலோ உடனே நிறுத்துங்கள். நிறைந்தபின் ஒரு நாள் ஓய்வில் விட்டுப் பாருங்கள்: 12.7க்கு மேல் நின்றால் நகருக்குள் ஓட்டலாம். ஆனால் பட்டறையில் சுமைச் சோதனை செய்து தேறும்வரை அதை நம்பிக் காட்டுக்குள் போகாதீர்கள்.

கேள்வி: சேற்றில் ஓடிவிட்டு வந்ததும் பேட்டரிக்கு என்ன செய்ய வேண்டும்? பழையதை எங்கே போடுவது?
– வாசகர், கெப்போங், கோலாலம்பூர்

நீரை விசையோடு பீய்ச்சாமல் மேற்புறத்தையும் முனைகளையும் கழுவித் துடைத்து, பிடிப்புப் பட்டையைக் கையால் அசைத்துப் பாருங்கள். சற்றும் ஆடக் கூடாது. முனைகளைக் கழற்றும்போது எதிர்முனை முதலில், மாட்டும்போது கடைசியில். பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் சோடா உப்புக் கரைசலால் துடைத்து, உலர்ந்தபின் இறுக்கி, மேலே வாசலின் பூசுங்கள்.

பழைய ஈய-அமில பேட்டரி, 2005ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தர விதிகளின்படி எஸ்டபிள்யூ 102 என்ற எண்ணில் வரும் பட்டியலிட்ட கழிவு. வீட்டுக் குப்பையில் போடக் கூடாது. புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்துவிடுங்கள். ஈயத்துக்கு விலை உண்டு என்பதால் எடையைப் பார்த்து விலையில் தள்ளுபடி கொடுப்பார்கள். 100 ஆம்பியர்-மணி ஏஜிஎம் ஏறக்குறைய 30 கிலோ இருக்கும், பேசி வாங்குங்கள்.