அயானா பிரெஸ்லி பற்றிக் கேளுங்கள்: பாஸ்டனிலிருந்து பதில்கள்

கேள்வி: அக்கா, அயானா பிரெஸ்லி தன் சொந்தக் கட்சிக்காரரையே தோற்கடித்துத்தான் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்குப் போனாராமே?

ஆமாம், 2018இல். ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி தேர்தலில், இருபது வருடமாகப் பதவியில் இருந்த மைக் கபுவானோவை 17 சதவீதப் புள்ளிக்கு மேல் முந்தினார். கபுவானோவும் நல்ல முற்போக்காளர்தான், கொள்கையில் பெரிய சண்டையே இல்லை. அப்புறம் எதற்குப் போட்டி என்று இங்கே நிறையப் பேர் கேட்டார்கள். வலிக்கு மிக அருகில் இருப்பவர்கள்தான் அதிகாரத்துக்கும் மிக அருகில் இருக்க வேண்டும் என்பதே அவர் சொன்ன பதில். பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வெள்ளையர் அல்லாதவர்கள் பெரும்பான்மையாக இருக்கும் ஒரே தொகுதி அவருடையதுதான். அந்த மாநிலத்திலிருந்து காங்கிரசுக்குப் போன முதல் கறுப்பினப் பெண் இவர்.

கேள்வி: எப்போதும் ஒரு பஸ்ஸைப் பற்றிப் பேசுகிறாரே, அது என்ன கதை?

1ஆம் எண் பஸ். நான் வாரத்தில் பாதி நாள் அதில்தான் போகிறேன். ஹார்வர்ட் சதுக்கத்தில் ஏறினால் எம்.ஐ.டி., சார்லஸ் ஆற்றுப் பாலம், வசதியானவர்கள் வாழும் பேக் பே என்று போய், கறுப்பினத்தவர் நிறைய வாழும் ராக்ஸ்பரியில் நூபியன் நிலையத்தில் இறக்கிவிடும். ஆறு தாண்டும்வரை மடிக்கணினியோடு மாணவர்கள், பெரிய மருத்துவமனை நிறுத்தத்தில் சீருடையோடு துப்புரவுப் பணியாளர்கள், கடைசியில் மளிகைப் பையை மடியில் வைத்திருக்கும் பாட்டிமார்கள். இந்த ஒரே தடத்தில் வருமானமும் ஆயுளும் எப்படிச் சரிகின்றன என்றுதான் அவர் காட்டுகிறார். 2023இல் நகரச் சுகாதார ஆணையம் வெளியிட்ட அறிக்கையிலும் பேக் பேயின் ஒரு பகுதிக்கும் ராக்ஸ்பரியின் ஒரு பகுதிக்கும் சராசரி ஆயுளில் 23 வருட வித்தியாசம். அதைப் படித்தபின் அந்தப் பஸ்ஸில் என்னால் சும்மா ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்க முடியவில்லை.

கேள்வி: உழைத்தால் முன்னேறலாமே, இனத்தை ஏன் இழுக்க வேண்டும்?

சரி, ஒரே ஒரு எண் சொல்கிறேன். பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் 2015 ஆய்வில், இந்தப் பகுதியின் வெள்ளையர் குடும்பங்களின் இடைநிலை நிகரச் சொத்து, அதாவது கடன் போக மிஞ்சுவதில் நடுவில் வரும் தொகை, 2,47,500 டாலர். அமெரிக்காவிலேயே பிறந்த கறுப்பினக் குடும்பங்களுக்கு 8 டாலர். எட்டாயிரம் இல்லை, எட்டு. இது உழைப்பில் வந்த இடைவெளி கிடையாது. 1930களில் ராக்ஸ்பரி போன்ற பகுதிகளை வரைபடத்தில் சிவப்பு அடித்து ஆபத்தான இடம் என்று ஒதுக்கினார்கள், வீட்டுக்கடன் அங்கே வந்து சேரவில்லை. பிள்ளைகளுக்கு விட்டுப்போக வீடே இல்லை என்றால் சொத்து எங்கிருந்து சேரும்? அதனால்தான் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அரசே 1,000 டாலரில் கணக்குத் தொடங்கி, ஏழைக் குழந்தைகளுக்கு வருடாவருடம் கூடுதலாகப் போட வேண்டும் என்று செனட்டர் கோரி புக்கரோடு சேர்ந்து பிரெஸ்லி மசோதா கொண்டுவந்தார்.

கேள்வி: முடிக்கெல்லாம் சட்டம் தேவையா?

பின்னல் போட்டதற்காக வகுப்பிலிருந்து வெளியே நிறுத்தப்பட்ட கறுப்பினப் பிள்ளையிடம் கேட்டால் தேவை என்றுதான் சொல்லும். முடியின் பெயரால் பாகுபாடு காட்டுவதைத் தடுக்க பிரெஸ்லியும் சேர்ந்து கொண்டுவந்த மசோதாவை 2022 மார்ச்சில் காங்கிரசின் கீழவையான பிரதிநிதிகள் சபை நிறைவேற்றியது, மேலவையான செனட்டில் நின்றுவிட்டது. மாசசூசெட்ஸ் அதே ஜூலையில் சொந்தச் சட்டம் போட்டுக்கொண்டது. 2020 ஜனவரியில் அலோபீசியா என்ற நோயால் தன் தலைமுடி முழுக்க உதிர்ந்துவிட்டதை பிரெஸ்லியே வீடியோவில் தலையைக் காட்டிச் சொன்னார். அந்த நோயுள்ள என் தோழி அதைப் பார்த்துவிட்டு மறுநாள் விக் இல்லாமல் வேலைக்கு வந்தாள்.

கேள்வி: மசோதா மசோதா என்கிறீர்கள், உருப்படியாக என்ன நடந்தது?

நியாயமான கேள்வி. வாஷிங்டனில் பல நின்றுபோயின, வாக்களிக்கும் வயதை 16 ஆக்கும் அவருடைய திருத்தம் 2019இல் 126க்கு 305 என்று தோற்றது. பஸ் கட்டணத்தை ஒழிக்க நிதி தரும் மசோதாவை 2020இல் செனட்டர் மார்க்கியோடு கொண்டுவந்தார், அதுவும் சட்டமாகவில்லை. ஆனால் பாஸ்டனில் மேயர் மிஷல் வூ அதே கோரிக்கையைக் கையில் எடுத்தார், 2022 மார்ச்சில் 23, 28, 29 ஆகிய மூன்று பஸ் தடங்களிலும் கட்டணமில்லை என்றானது. 28இல் அதன்பின் காசு தேடி யாரும் படியில் நிற்கவில்லை, எல்லாக் கதவிலும் ஏறிக்கொண்டார்கள்.