ஊசி முனையில் நொறுங்கிய படிகம்
வாசகர் கேள்விகள்: பதில் சொல்பவர், ஓய்வுபெற்ற புரதப் படிகவியல் ஆய்வாளர்

கேள்வி: என் மகள் பள்ளிப் படிப்பை முடிக்கப் போகிறாள். விஞ்ஞானி ஆக வேண்டும் என்கிறாள். எங்கள் உறவில் ஒரு பையன் பிஎச்.டி. செய்கிறான். அவனைக் கேட்டால், "பத்து சோதனை செய்தால் ஒன்பது ஊத்திக்கும்" என்கிறான். உண்மையைச் சொல்லுங்கள் அம்மா. விஞ்ஞானிகள் தங்கள் வேலையை ரசித்துத்தான் செய்கிறார்களா, இல்லை பரிசு கிடைத்த பிறகு அப்படிச் சொல்லிக்கொள்கிறார்களா? (ஒரு தந்தை)

பதில்: அந்தப் பையன் சொல்வது சரிதான். என் கணக்கில் பத்துக்கு ஒன்பது என்பதே நல்ல வருடம்.

31 வருடம் நான் பார்த்தது ஒரே வேலை. புரதத்தைப் படிகமாக வளர்ப்பது. ஒரு புரதத்தில் எந்த அணு எங்கே இருக்கிறது என்று எக்ஸ்-கதிர் கொண்டு பார்க்க வேண்டுமென்றால் முதலில் அது படிகமாக வேண்டும். எந்தக் கரைசலில் படிகமாகும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் 24 குழி கொண்ட பிளாஸ்டிக் தட்டு ஒன்றை எடுத்து, குழிக்குக் குழி உப்பின் அளவையும் அமிலத்தன்மையையும் மாற்றி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு கண்ணாடி வில்லையில் புரதத் துளியைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, ஓரத்தில் கிரீஸ் தடவி மூடி வைப்போம். பிறகு காத்திருக்க வேண்டியதுதான். ஒரு நாள், ஒரு வாரம், சில சமயம் மாதக்கணக்கு.

ஒரு நொதிக்காக இப்படி இரண்டு வருடம் நாலு மாதம் தட்டு போட்டேன். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் துளி ஒன்று தெளிவாக இருக்கும், அல்லது பழுப்பாகத் திரிந்து போயிருக்கும். பிறகு ஒரு காலை, ஒரு துளிக்குள் நாலு சிறு கட்டைகள், விளிம்பு கூராக, பளிச்சென்று. நெஞ்சு திக்கென்றது. ஆனால் கரைசலில் இருக்கும் உப்பும் இப்படித்தான் படிகமாகும். பார்வைக்கு இரண்டும் ஒன்று. கண்டுபிடிக்க ஒரு பழைய வழி உண்டு. மெல்லிய ஊசியால் குத்திப் பார்ப்பது. உப்பு என்றால் கெட்டியாக எதிர்த்து நின்று 'டக்'கென்று உடையும், அந்த அதிர்வு விரல் நுனிக்கே வரும். புரதப் படிகத்தில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அது எதிர்க்காது, பொலபொலவென்று உதிர்ந்துவிடும்.

இரண்டு வருடம் காத்திருந்து கிடைத்ததை நாமே உடைத்துப் பார்க்க வேண்டும். கை நடுங்கியது. நாலில் சின்னதாக இருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் குத்தினேன். சத்தமே இல்லாமல் உதிர்ந்தது.

நான் உடனே யாரையும் கூப்பிடவில்லை. பத்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்தப் பத்து நிமிடமும் அது எனக்கு மட்டும் தெரிந்த விஷயம். வேறு யாருக்கும் தெரியாது. உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் முதல் பதில் அந்தப் பத்து நிமிடம்தான்.

மீதி மூன்று படிகங்களும் எக்ஸ்-கதிரில் சரியான படம் தரவில்லை. நல்ல படிகத்துக்கு இன்னும் ஒரு வருடம் ஆயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்த வருடமும், அதற்கு முந்தைய இரண்டு வருடமும் நான் துன்பப்பட்டேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். நேற்றைய துளி ஏன் திரிந்தது, உப்பைக் கொஞ்சம் குறைத்தால் என்ன, குளிர் அறையில் வைத்தால் என்ன என்று வீடு திரும்பும் வழியெல்லாம் மனம் அதையே உருட்டிக்கொண்டிருக்கும். அந்த உருட்டலில் ஒரு ருசி இருக்கிறது. அது பிடித்துப்போனவர்கள் இந்த வேலையில் நிலைத்துவிடுகிறார்கள்.

பரிசு வாங்கியவர்களைப் பற்றிக் கேட்டீர்கள். எங்கள் துறையில் டோரதி ஹாட்ஜ்கின் என்று ஒருவர். 1935-ல் இன்சுலின் படிகத்தின் எக்ஸ்-கதிர்ப் படங்களை வெளியிட்டார். இன்சுலினின் அமைப்பு முழுதாகப் புலப்பட்டது 1969-ல். நடுவில் 34 வருடம். அதற்குள் பென்சிலின், வைட்டமின் பி12 இரண்டின் அமைப்பையும் கண்டுபிடித்து 1964-ல் நோபல் பரிசும் வாங்கிவிட்டார். இளம் வயதிலேயே வந்த முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போயிருந்தன. அந்த விரல்களால்தான் படிகங்களைக் கையாண்டார். தன் வாழ்வின் பெரும் பரவசங்களில் ஒன்றாக அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தது, அந்த முதல் இன்சுலின் படத்தைக் கழுவி எடுத்து அதில் சின்னச் சின்னப் புள்ளிகளைப் பார்த்த இரவை. விடை கிடைக்க முப்பது வருடத்துக்கு மேல் இருந்தது. பரிசு கண்ணுக்கெட்டிய தூரத்தில்கூட இல்லை. இதற்கு விடை உண்டு என்று மட்டுமே அந்தப் புள்ளிகள் சொல்லின. அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

உயிரியல் ஆய்வாளர் ஜான் சல்ஸ்டன் வேறு ரகம். ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழு, முட்டைக்குள் ஒற்றைச் செல்லாக இருந்து பொரியும் வரை, எந்தச் செல் எப்போது பிரிகிறது என்று மைக்ரோஸ்கோப் வழியாகக் கண்ணால் பார்த்தே பென்சிலால் குறித்துவந்தார். ஒரு நாளைக்கு நாலு மணி நேரமாக இரண்டு அமர்வு, ஒன்றரை வருடம். உருவாகும் 671 செல்களில் 113 தாமாகவே மடிகின்றன என்பது அப்படித்தான் தெரிந்தது. 2002-ல் நோபல் வந்தது. பிடிக்காத வேலையில் ஒருவர் அத்தனை நேரம் கண்ணை எடுக்காமல் இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் மகளிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். ஒரு கணக்கு வராதபோது அவளுக்கு என்ன ஆகிறது? விடையைப் பார்த்துவிட்டு நகர்கிறாளா, சொல்லாதே என்று விடையை மூடி வைக்கிறாளா? மூடி வைக்கிறவள் என்றால் பயப்படாமல் அனுப்புங்கள்.

கேள்வி: ஆராய்ச்சியில் மூன்றாவது வருடம். காலையில் லேபுக்குப் போக நினைத்தாலே அழுகை வருகிறது. நான் இதற்கு லாயக்கில்லையா மேடம்? (ஓர் ஆய்வு மாணவி)

பதில்: அழுகை எதனால் வருகிறது என்று பிரித்துப் பாரம்மா. வேலையாலா, வேலை நடக்கும் இடத்தாலா?

தொடக்கத்தில் எனக்கு ஒரு கைடு இருந்தார். நான் வளர்த்த படிகத்தை வைத்து எழுதிய கட்டுரையில் என் பெயரை எடுத்துவிட்டார். கேட்டதற்கு, "நீ தட்டுதானே போட்டாய்?" என்றார். அதன் பிறகு ஆறு மாதம் மைக்ரோஸ்கோப் பக்கம் போகவே கை வரவில்லை. படிகமே எனக்கு வெறுத்துப்போய்விட்டது என்று நம்பினேன். பிறகு வேறு ஆய்வகத்துக்கு மாறினேன். அதே 24 குழித் தட்டு, அதே கிரீஸ். ஒரே வாரத்தில் பழைய ஆசை திரும்பிவிட்டது. வெறுத்தது படிகத்தை அல்ல என்று அன்றைக்குப் புரிந்தது.

தோல்வி ஆராய்ச்சியாளரின் மகிழ்ச்சியைப் பறித்து நான் அதிகம் பார்த்ததில்லை. அவமானம் பறித்துப் பார்த்திருக்கிறேன். அடுத்த வருடம் வேலை இருக்குமா என்ற பயம் பறித்துப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் போன பிறகு லேபில் தனியாக இருக்கும் மாலையில் உனக்கு வேலை ஓடுகிறதா? ஓடினால் பிரச்சினை உன்னிடம் இல்லை. உன் ஆய்வுக் குழுவில் இருக்கும் இன்னொரு பேராசிரியரிடம் வாய் திறந்து பேசு. அந்த லேபை விட்டுப் போனவர்களிடமும் விசாரி. தனியாக இருக்கும்போதும் அந்தத் துளியைப் பார்க்கத் தோன்றவில்லையென்றால் வேறு வேலை தேடு. அதில் குறைச்சல் எதுவும் இல்லை.

கேள்வி: மூத்த விஞ்ஞானிகளின் நேரமெல்லாம் நிதிக்கு விண்ணப்பம் எழுதுவதிலேயே போய்விடுகிறதாமே?

பதில்: ஆமாம். எனக்கென்று ஒரு குழு அமைந்த பிறகு வெள்ளிக்கிழமை மதியம் மட்டுமே மைக்ரோஸ்கோப்புக்கு மிஞ்சியது. அந்த மதியத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

கேள்வி: இப்போது ஆல்ஃபாஃபோல்டு என்ற கணினி நிரல் புரத அமைப்பைச் சட்டென்று கணித்துவிடுகிறது. உங்கள் வருடங்கள் வீணானதாகத் தோன்றவில்லையா?

பதில்: இந்தக் கேள்வி என்னையும் தூங்கவிடவில்லை. அதை உருவாக்கிய ஹசாபிஸுக்கும் ஜம்பருக்கும் 2024-ல் வேதியியல் நோபலில் பங்கு கிடைத்தபோது மனதாரச் சந்தோஷப்பட்டேன். அது எதைப் படித்துக் கற்றுக்கொண்டது? கண்டுபிடித்த புரத அமைப்புகளை நாங்கள் சேர்த்துவைக்கும் புரதத் தரவு வங்கியை. 1971-ல் ஏழே ஏழு அமைப்புகளோடு தொடங்கிய வங்கி அது; ஆல்ஃபாஃபோல்டு படிக்க வந்தபோது ஒன்றரை லட்சத்துக்கும் மேல் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை, யாரோ ஒருவர் தட்டு போட்டுக் காத்திருந்து எடுத்தவை. என்னுடையவையும் அதில் இருக்கின்றன.

என் நொதியின் அமினோ அமில வரிசையையே ஆல்ஃபாஃபோல்டில் போட்டுப் பார்த்தேன். விடை வர ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. என் படிகத்தின் மேல் வைத்துப் பார்த்தால் அச்சு அசலாகப் பொருந்துகிறது, ஓரிடம் தவிர. விளிம்பில் இருக்கும் ஒரு வளையம் என் படிகத்தில், நொதி வேலை செய்யும் இடத்தின் வாசலை மூடியபடி இருக்கிறது. கணினி அதைத் திறந்து வரைந்திருக்கிறது. ஒரு வேளை அந்த நொதி இரண்டு விதமாகவும் இருக்குமோ? வேலை செய்யும்போது மூடி, மற்ற நேரம் திறந்து?

வருத்தம் ஒன்று உண்டு. இனி வரும் பிள்ளைகளில் பலருக்கு அந்த ஊசி முனைப் பத்து நிமிடம் கிடைக்காது. ஆனால் இந்த வளையத்தைப் பற்றி என் பழைய மாணவியிடம் சொன்னதும், மறு பேச்சில்லாமல் எந்த உப்பு, எவ்வளவு என்று கேட்டாள். போன வாரம் தட்டு போட்டிருக்கிறாள். தினமும் காலை துளிகளின் படத்தை எனக்கு அனுப்புகிறாள். இன்று வரை எல்லாம் தெளிவாகவே இருக்கின்றன, மூன்றாம் வரிசையில் ஒன்று மட்டும் லேசாகக் கலங்கியிருக்கிறது.