அம்மாவின் கை உள்ளே வருமா?

கேள்வி: இது எனக்குத் தலைப்பிரசவம். எட்டாம் மாதம். வளைகாப்பு முடிந்து கடலூர் முதுநகரில் அம்மா வீட்டில் இருக்கிறேன். வலியை நினைத்தாலே தூக்கம் போய்விடுகிறது. சீரகக் கஷாயம் போதும் என்கிறார் அம்மா. ஒன்பது பிறந்ததும் விளக்கெண்ணெய் குடிக்கச் சொல்கிறார் மாமியார். ஆரோவில் பக்கம் வேலை பார்க்கும் நாத்தனார், வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்தால் வலியே தெரியாது, வீட்டிலேயே செய்யலாம் என்கிறார். கணவரோ புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் வலி தெரியாமலிருக்க முதுகில் ஊசி (எபிடியூரல்) போட்டுக்கொள்ளலாம் என்கிறார். அந்த ஊசி போட்டால் ஆயுசுக்கும் முதுகு வலிதான் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். மருந்தில்லாமல் வலியைக் குறைக்க நிஜமாகவே வழி இருக்கிறதா? – பெயர் வேண்டாம், கடலூர்.

பதில்: ஆளுக்கொரு வழி சொல்லியிருக்கிறார்கள். வலி வரும்போது உங்கள் பக்கத்தில் யார் இருக்கப்போகிறார்கள் என்று மட்டும் ஒருவரும் பேசக் காணோம். பிரசவ வார்டில் 30 வருஷம் நர்ஸாக நின்றவள் நான். எனக்கு முதலில் தோன்றுவது அதுதான்.

அதற்கு முன் விளக்கெண்ணெயை ஓரங்கட்டிவிடுவோம். அது குடலைக் கிளறிவிடும். பிரசவ வலி வருகிறதோ இல்லையோ, வாந்தியும் பேதியும் வந்து, உடம்பில் நீர் வற்றி, துவண்டுபோய் ஆஸ்பத்திரிக்கு வருவீர்கள். மாமியாரிடம் முகத்துக்கு நேரே மறுக்கக் கூச்சமாக இருந்தால், டாக்டர் கூடாதென்று சொல்லிவிட்டார் என்று சொல்லுங்கள். அடுத்த செக்கப்பில் கேட்டால் அவர் அப்படித்தான் சொல்லப்போகிறார், பொய்யாகிவிடாது.

சீரகக் கஷாயம் ஒரு டம்ளர் குடிப்பதில் தப்பில்லை. ஆனால் அது வலியைக் குறைக்கிற மருந்தல்ல. நம் பாட்டிமார் அதைக் கொடுத்தது, வந்திருப்பது சூட்டு வலியா நிஜ வலியா என்று பார்க்கத்தான். குடித்துவிட்டுப் படுத்ததும் அடங்கினால் சூட்டு வலி. அடங்காமல் நெருங்கி நெருங்கி வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். அந்தப் பரீட்சையில் சீரகத்தைவிடப் படுத்து எழுந்ததற்குத்தான் பங்கு அதிகம் என்பது என் எண்ணம்.

இப்போது ஒரு ராத்திரியைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த இடத்தில் அந்தக் காலத்தில் துணைக்கு ஆள் விடமாட்டோம். தலைப்பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்ணுக்கு வலி முழுக்க முதுகுப் பக்கம். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்துகிறாள். கூட வந்த பெரியம்மா மீன் விற்கிறவர். எப்படியோ உள்ளே நுழைந்துவிட்டார். வெளியே போகச் சொல்லிப் பார்த்தேன், நகரவில்லை. வார்டில் ஆளும் குறைவு, கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டேன். அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பெண்ணை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வால் எலும்புக்குக் கொஞ்சம் மேலே உள்ளங்கையின் அடியை வைத்தார். வலி ஏறும்போது தன் உடம்பின் பாரத்தை எல்லாம் அந்தக் கையில் இறக்கினார். வலி இறங்கும்போது பாரத்தை மட்டும் எடுத்தார், கையை எடுக்கவில்லை. தேய்க்கவும் இல்லை. "இன்னும் கொஞ்சம் கீழே பெரிம்மா" என்ற பேச்சைத் தவிர அந்தக் கட்டிலிலிருந்து அப்புறம் சத்தமே இல்லை. விடியற்காலையில் குழந்தை பிறந்தது. அத்தனை வருஷம் எத்தனை பேரை வாசலோடு அனுப்பியிருப்பேன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

இது என் அனுபவம் மட்டுமல்ல. மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2017-ல் வெளியிட்ட தொகுப்பு, 15,000-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. விடாமல் ஒருவர் கூட இருந்தவர்களுக்கு வலி மருந்தும் சிசேரியனும் குறைவாகத் தேவைப்பட்டன, பிரசவ நேரமும் குறைந்தது. உலக சுகாதார நிறுவனமும் 2018 வழிகாட்டுதலில் துணையைப் பரிந்துரைக்கிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் துணைக்கு ஒரு பெண்ணை அனுமதிக்கும் ஏற்பாடு 2004-லேயே வந்துவிட்டது. தனியாரில் இடத்துக்கு இடம் விதி மாறும். அதனால் கடலூரோ புதுச்சேரியோ, முடிவு செய்வதற்கு முன் கேளுங்கள்: அம்மாவை உள்ளே விடுவீர்களா? கடைசி வரைக்குமா, பாதியில் அனுப்பிவிடுவீர்களா? கணவருக்கு அனுமதி உண்டா?

அனுமதி கிடைத்தால் இன்றைக்கே அம்மாவுக்குப் பாடம் தொடங்கிவிடுங்கள். ஒருக்களித்துப் படுத்து, எந்த இடத்தில், எவ்வளவு அழுத்தம் சுகமாக இருக்கிறது என்று சொல்லிக்கொடுங்கள். ராத்திரி முழுக்க ஒரே ஆளால் முடியாது, சித்தியோ அக்காவோ இருந்தால் அவர்களும் பழகட்டும். வலி தொடங்கியதும் மல்லாந்தே கிடக்காமல் நடப்பது, சுவரில் சாய்ந்து இடுப்பை ஆட்டுவது, கட்டிலைப் பிடித்து முன்னால் குனிந்து நிற்பது எல்லாம் உதவும். இடுப்புக்கு வெந்நீர்ப் பை வைக்கலாம், கை பொறுக்கும் சூடு போதும்.

மூச்சுப் பயிற்சியை லமாஸ் என்பார்கள். ஃபெர்னான் லமாஸ் என்ற பிரெஞ்சு டாக்டர் 1951-ல் சோவியத் நாட்டில் பார்த்துவிட்டு வந்து பாரிஸில் பரப்பிய முறை. அப்போது புதுச்சேரியே பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது, இங்கே வரத்தான் இத்தனை காலம்! மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, இழுத்ததைவிட நிதானமாக ஊதிவிடுங்கள், அவ்வளவுதான். பிரசவ நேரத்தில் பலருக்கும் ஊத மறந்துவிடும். காதருகே ஒருவர் சேர்ந்து ஊதினால் ஞாபகம் வரும்.

நாத்தனார் சொன்னதில் பாதி சரி. கருப்பை வாய் திறக்கும் நேரத்தில் இதமான நீரில் உட்கார்ந்தால் வலி மட்டுப்படும். பனிக்குடம் உடையாதவரை, பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு, வீட்டில் முதுகில் வெந்நீர் ஊற்றிக்கொள்ளலாம். பிரசவமே வீட்டில் என்பது மட்டும் வேண்டாம். 2018-ல் திருப்பூரில் வீட்டுப் பிரசவத்தில் ஒரு தாய் ரத்தப்போக்கால் இறந்த செய்தி நினைவிருக்கும்.

முதுகு ஊசியைப் பற்றிப் பக்கத்து வீட்டில் சொல்வது சரியில்லை. குத்திய இடம் சில நாள் வலிக்கலாம். நாள்பட்ட முதுகு வலி, ஊசி போடாத தாய்மார்களுக்கும் அதே அளவில் வருகிறது. ரத்த அழுத்தம் இறங்குவது, கால் கனத்துப்போவது, அரிப்பு, காய்ச்சல் உண்டு, கவனித்துக்கொள்வார்கள். வலியைப் போக்குவதில் அதற்கு ஈடாக நான் மேலே சொன்ன எதுவும் கிடையாது. ஆகவே போடவே மாட்டேன் என்று சபதம் எடுக்க வேண்டாம். தாங்க முடியாமல் கேட்டால் அது தோல்வியும் அல்ல. ராத்திரி 2 மணிக்கும் மயக்க மருந்து டாக்டர் இருப்பாரா என்று மட்டும் கணவரை விசாரிக்கச் சொல்லுங்கள்.

ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை, ஒரு நிமிஷம் நீடித்து வலி வந்தால் கிளம்பலாம். புதுச்சேரி என்றால் அதற்கும் முன்பே கிளம்புங்கள், அரியாங்குப்பத்தில் வண்டிகள் ஊரும். பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ வலிக்காகக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அம்மா விரலில் மோதிரம் இருந்தால் அன்றைக்குக் கழற்றிவிடச் சொல்லுங்கள். முதுகில் உறுத்தும்.