மரணத்தைப் பற்றிப் பேச ஒரு தமிழ்க் கூடல்: எப்படித் தொடங்குவது?

கேள்வி: லண்டனில் ஹரோ பகுதியில் வசிக்கிறேன். எண்பதை நெருங்கும் என் அம்மா, தன்னை எந்தச் சேலையில் வழியனுப்ப வேண்டும் என்று சொல்லத் தொடங்கினாலே நாங்கள் பேச்சை மாற்றிவிடுகிறோம். அண்மையில் ஒரு நூலகத்தில் ஆங்கிலத்தில் நடந்த, தேநீரோடு அமர்ந்து மரணத்தைப் பற்றி மனந்திறந்து பேசும் ‘டெத் கஃபே’ சந்திப்புக்குச் சென்றுவந்தேன். அதைத் தமிழில் நடத்த முடியுமா? உறவினர்கள் அபசகுனம் என்பார்களே? இரண்டு மாதங்களுக்கு முன் கணவரை இழந்த தோழியை அழைக்கலாமா?

பதில்: தாராளமாக நடத்தலாம், அதற்கு யாரிடமும் பணம் கட்டவோ பட்டம் பெறவோ தேவையில்லை. சுவிட்சர்லாந்தின் சமூகவியலாளர் பெர்னார் கிரெத்தாஸ் 2004இல் தொடங்கிய ‘கஃபே மோர்த்தெல்’ சந்திப்புகளைப் பற்றி அறிந்த ஜோன் அண்டர்வுட், 2011 செப்டம்பரில் லண்டன் ஹக்னியில் உள்ள தம் வீட்டிலேயே முதல் டெத் கஃபேயை நடத்தினார். உளசிகிச்சையாளரான அவருடைய தாயார் சூ பார்ஸ்கி ரீட் உடனிருந்து வழிநடத்தினார். அண்டர்வுட் 2017இல் 44 வயதிலேயே திடீரென்று இறந்துபோனாலும், அவர் வகுத்த எளிய நெறிகளை ஏற்கும் எவரும் அந்தப் பெயரில் சந்திப்பு நடத்தலாம் என்ற வழக்கம் தொடர்கிறது. இலாப நோக்கம் கூடாது, பேசியவை வெளியே போகக்கூடாது, வந்தவர்களை எந்த முடிவுக்கோ பொருளுக்கோ செயலுக்கோ இட்டுச்செல்லும் எண்ணம் இருக்கக்கூடாது, குடிக்கவும் உண்ணவும் ஏதாவது இருக்க வேண்டும் என்பனவே அந்நெறிகள்.

இவற்றுள் நம்மவர்களுக்கு மிகக் கடினமானது, எந்த முடிவுக்கும் இட்டுச்செல்லாதிருப்பதுதான். தமிழர் கூடும் இடமென்றால் மங்கல விளக்கேற்றல், தலைமையுரை, சிறப்புரை, நன்றியுரை என்று நிகழ்ச்சி நிரல் தானாகவே நீண்டுவிடும். இங்கே அவற்றில் ஒன்றுகூட வேண்டாம். ஆன்மா அழிவற்றது என்று விளக்க ஒரு பெரியவரையோ, முற்றிய நோய்களைப் பற்றி எடுத்துச்சொல்ல ஒரு மருத்துவரையோ அழைத்துவிட்டால், மற்றவர்கள் கேட்பவர்களாகி வாயடைத்துவிடுவார்கள்; பேச வந்தவர் பேசாமலே வீடு திரும்புவார். ஈமச்சேவை நிறுவனத்தின் அனுசரணையும் காப்புறுதி முகவரின் துண்டுப்பிரசுரமும் எவ்வளவு நல்லெண்ணத்தோடு வந்தாலும் மறுத்துவிடுங்கள். படம் எடுத்து முகநூலில் போடுவதில்லை என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

அபசகுனம் என்ற அச்சத்தை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். காலமானார், சிவபதமடைந்தார், இறைவனடி சேர்ந்தார் என்று நடந்துவிட்ட சாவைச் சொல்லத் தமிழில் சொற்களுக்குக் குறைவில்லை. வரப்போகும் சாவைப் பற்றி ஒருவர் வாய் திறந்தால்தான் “அப்படிச் சொல்லாதே” என்று தடுக்கிறோம். ஊரில் இந்தத் தடையை ஈடுசெய்ய வேறு வழிகள் இருந்தன. செத்த வீட்டுப் பந்தலில் அயலவர்கள் நாள்கணக்கில் கூடியிருந்தார்கள், ஒப்பாரியில் மனத்தில் உள்ளதெல்லாம் வெளியே வந்தது, எட்டுச்செலவு, அந்தியேட்டி என்ற இறப்புச் சடங்குகள் துயரத்துக்குக் காலக்கணக்கு வைத்தன. இங்கோ பத்திரங்களும் தகனசாலையில் இடமும் கிடைப்பதற்குள் ஒரு வாரமோ இரண்டு வாரமோ கடந்துவிடுகிறது. பிறகு குறித்த நேரத்துக்குள் எல்லாம் முடிந்து, அவரவர் வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். அங்கே பந்தலில் கிடைத்த பேச்சுக்கு இங்கே ஓர் இடம் தேடுகிறோம் என்று சொன்னால் பெரியவர்களில் பலர் புரிந்துகொள்வார்கள். ஆனால் எதிர்ப்புக்குப் பயந்து ‘முதியோர் ஒன்றுகூடல்’ என்று பெயர் மாற்றி அழைக்காதீர்கள்; வந்தபின் விஷயம் தெரிந்தால், ஏமாற்றப்பட்டோம் என்ற எண்ணமே மிஞ்சும். அழைப்பில் மரணம் என்ற சொல் தெளிவாக இருக்கட்டும்.

முதல் சந்திப்புக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் போதும். தேநீரும் வடையும் முதலில் வரட்டும். பின்னர், “நீங்கள் சிறுவயதில் முதன்முதலாகக் கண்ட சாவு எது?” போன்ற ஒரு கேள்வியோடு விட்டுவிட்டால், பெரும்பாலும் பேச்சு தானாகவே நடக்கும். மௌனம் விழுந்தால் உடனே நிரப்ப முனையாதீர்கள்.

ஈழத்திலிருந்து வந்தவர்கள் கூடும் இடத்தில் இன்னொன்றுக்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும். போரில் காணாமல் ஆக்கப்பட்ட மகனைப் பற்றி ஒரு தாய் பேசத் தொடங்கலாம். 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில் தொடர்ந்து போராடிவரும் குடும்பங்களைப் போல, இறந்தார் என்ற சான்றிதழை ஏற்க மறுப்பவராக அவர் இருக்கலாம். “இனி அவரை இறந்தவராக ஏற்றுக்கொள்ளுங்கள்” என்ற சொல் அந்த மேசையிலிருந்து எழக்கூடாது. அவர் சொல்வதைக் கேட்பதோடு நமது உரிமை முடிந்துவிடுகிறது.

உங்கள் தோழியைப் பொறுத்தவரை, இப்போது அழைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. டெத் கஃபே ஓர் உரையாடல், துயர ஆற்றுப்படுத்தலன்று. இரண்டு மாதப் புண்ணோடு வருபவருக்கு, பிறர் சாவைப் பற்றிப் பொதுவாகப் பேசுவதைக் கேட்பது தாங்க முடியாததாக இருக்கலாம். அவராகவே கேட்டால் தடுக்காதீர்கள். ஆனால் இது என்ன, என்ன அல்ல என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். அவருக்கு இப்போது பொருத்தமானது குரூஸ் போன்ற துயர ஆதரவு அமைப்பு. உயிர்வாழும் விருப்பமே அற்றுப்போனதாக அவர் சொன்னால், மனம் உடைந்தவர்களுக்குச் செவிகொடுக்க எந்நேரமும் இயங்கும் சமாரிட்டன்ஸ் அமைப்பின் 116 123 என்ற இலவச எண்ணை அவரோடு அமர்ந்தே அழையுங்கள்.

அம்மாவின் காரியத்துக்கு இந்தச் சந்திப்பு வரை காத்திருக்கவும் வேண்டாம். அவருக்காகச் சிகிச்சை முடிவுகளை எடுக்கும் உரிமையை ஒருவரிடம் ஒப்படைக்கும் ‘லாஸ்டிங் பவர் ஆஃப் அட்டர்னி’ பத்திரத்தை, முடிவெடுக்கும் மனத்திறன் அவருக்கு இருக்கும்போதே எழுதிவைக்க வேண்டும்; அதைப் பதிவும் செய்ய வேண்டும். மறதிநோய் முற்றியபின் அதை எழுத இயலாது. ஆனால் அந்தப் பத்திரத்தோடு பேச்சைத் தொடங்காதீர்கள். அடுத்தமுறை அவர் சேலையைப் பற்றிச் சொல்ல வாயெடுக்கும்போது, எந்த அலுமாரியில், எந்த அடுக்கில் இருக்கிறது என்று கேளுங்கள்; அதை எடுத்துவரச் சொல்லி, அவருடன் உட்கார்ந்து விரித்துப் பாருங்கள்.