கண்மாய்க் கேள்விகள்

கேள்வி: எங்கள் கண்மாயின் உள்வாய் (தண்ணீர் நிற்கும் உட்பகுதி) முழுக்கச் சீமைக்கருவேலம். இளைஞர்கள் சேர்ந்து வீட்டுக்கு ஆயிரம் ரூபாய் வசூலித்திருக்கிறோம். சித்திரையில் ஜேசிபி இறக்கலாம் என்று எண்ணம். எதில் தொடங்குவது?
– வாசகர், மானாமதுரை

பதில்: தம்பி, ஜேசிபிக்கு முன்பணம் கொடுத்துவிட்டீர்களா? இல்லையென்றால் கொஞ்சம் பொறுங்கள். முதல் வேலை கண்மாய்க்குள் இல்லை, அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் இருக்கிறது.

2017-இல் எங்கள் ஊரில் இதை மாற்றிச் செய்துவிட்டோம். ஊர்மக்களே சேர்ந்து நீர்நிலையைச் சீர்செய்யும் குடிமராமத்து என்று எங்கும் பேச்சாக இருந்த நேரம். உள்வாயில் இரண்டு வாரம் மண் அள்ளினோம். ஐப்பசியில் நல்ல மழை. எங்களுக்கு மேலே இருக்கும் மேலக்கண்மாய் நிறைந்து, கலுங்கு (மிகுதித் தண்ணீர் வழியும் வாய்) பாய்ந்தது. எங்கள் கண்மாயில் முழங்கால் தண்ணீர்தான். குடையோடு வரத்துக்கால் வழியே நடந்து பார்த்தேன். ஓரிடத்தில் வண்டிப்பாதைக்காக மண்ணைக் கொட்டி மேடாக்கி, அடியில் ஒரு சிறு குழாயைப் பதித்திருந்தார்கள். அதற்கு மேலே வரத்துக்கால் வயலோடு வயலாகிக் கிடந்தது. எங்களுக்கு வரவேண்டிய தண்ணீர் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. வசூலுக்கு முந்தானையில் முடிந்திருந்த காசை எடுத்துத் தந்த ஒரு அப்பத்தா, "தண்ணி எங்கப்பா?" என்று கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

அதனால் ஊரில் முன்பு நீர் பாய்ச்சிய பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, மேல்கண்மாய்க் கலுங்கில் இருந்து உங்கள் கண்மாய் வரை நடங்கள். கையில் கிராம வரைபடம் இருக்கட்டும். வரத்துக்காலை அடைத்தவர்களோடு அன்றே சண்டை வேண்டாம். பாதிப் பேர் சொந்தக்காரர்களாகத்தான் இருப்பார்கள். ஊர்க்கூட்டத்தில் படத்தை விரித்துக் காட்டுங்கள், சிலர் தாமே விட்டுவிடுவார்கள். விடாதவர் விஷயத்தில் நில அளவையர் வந்து அளந்து கல் ஊன்றட்டும்.

அப்புறம் சீமைக்கருவேலம். கண்மாய் மரம் அரசுச் சொத்து, அனுமதி வாங்காமல் தொடாதீர்கள். அனுமதி கிடைத்தால் தூரோடு பறியுங்கள். மேலே வெட்டினால் தூரில் இருந்து மறுபடி தழைத்துவிடும். ஆடு மாடு நெற்றைத் தின்று விதையைச் சாணத்தோடு போட்டுக்கொண்டே இருக்கும். அடுத்த 3 ஆண்டுகளாவது, மழை முடிந்து மண் ஈரமாக இருக்கும்போதே கன்றுகளைக் கையால் பிடுங்க ஆள் வேண்டும். வசூலில் ஒரு பங்கை இதற்கென்று இப்போதே எடுத்து வையுங்கள். பெரும்பாலான ஊர்கள் தோற்பது இந்த இடத்தில்தான்.

கரையடியில் தோண்டாதீர்கள், கரை பலம் இழக்கும். வண்டலை உழவர்கள் தம் நிலத்துக்கு இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். 2024-இல் இருந்து வட்டாட்சியரே அதற்கு அனுமதி தருகிறார்.

கேள்வி: எங்கள் கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் நாரைகள் கூடு கட்டுகின்றன. அந்த மரங்களையும் எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். சரியா?
– வாசகி, காளையார்கோவில்

பதில்: வேண்டாம் அம்மா. அது நாட்டுக்கருவேலமா என்று முதலில் பாருங்கள். பூ மஞ்சள் உருண்டையாகவும், நெற்று மணி கோத்த மாலை போலவும் இருந்தால் நாட்டுமரம். சீமையின் பூ நீளக் கதிராக இருக்கும். இரண்டையும் ஒன்றென்று நினைத்து வெட்டிய ஊர்களைப் பார்த்திருக்கிறேன். மனசு ஆறவில்லை.

உங்கள் மாவட்டத்திலேயே, வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிக் கொள்ளுகுடிப்பட்டி என்ற ஊர் இருக்கிறது. அந்தச் சரணாலயம் 1977-இல் அறிவிக்கப்பட்டது. கூட்டில் இருக்கும் குஞ்சுகள் மிரளும் என்று அந்த ஊரில் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. அதற்காக வனத்துறை ஊருக்கு இனிப்பு கொடுக்கிறது. வெடியை விட்டுவிடப் பிள்ளைகள் சம்மதிக்கிறார்கள் என்றால், நான்கு மரங்களை விட்டுவைக்கப் பெரியவர்களால் முடியாதா? பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்பதையும் கூட்டத்தில் சொல்லுங்கள்.

கூடு இருப்பது சீமையாகவே இருந்தாலும் குஞ்சுகள் பறந்த பிறகு எடுக்கலாம். அதற்குள் உள்வாயில் மண்திட்டு போட்டு நாட்டுக்கருவேலம் நடுங்கள். ஜேசிபி வருவதற்கு முதல் நாளே, விடவேண்டிய மரங்களின் அடியில் சுண்ணாம்பு பூசி வையுங்கள். வெளியூர் ஓட்டுநருக்கு எந்த மரம் எது என்று தெரியாது.