விஷமுறிவு மருந்து ஏற்றியும் கால் கறுப்பது ஏன்?

கேள்வி: பெங்களூரு கே.ஆர்.புரத்தில் இருக்கிறோம். தோட்ட வேலை செய்யும் என் மாமனாரை நான்கு நாள் முன்பு கண்ணாடி விரியன் பாதத்தில் கடித்துவிட்டது. ஒன்றரை மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். ரத்தம் இப்போது சரியாக உறைகிறதாம். ஆனாலும் கால் வீங்கி, கொப்புளம் போட்டு, கடிபட்ட இடம் கறுக்கிறது. மருந்து சரியில்லையா?

பதில்: கண்ணாடி விரியன் விஷம் ரத்தம் உறைவதைக் கெடுக்கும்; இப்போது உறைகிறது என்றால் மருந்து வேலை செய்திருக்கிறது. காலில் நடப்பது வேறு கதை.

விரியன் விஷத்தில் பல நொதிகள் (என்சைம்கள்) கலந்திருக்கும். மெட்டலோபுரோட்டினேஸ் என்ற நொதி, நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவரைத் தாங்கும் கொலாஜன் என்ற நார்ப்புரத வலையை அறுக்கிறது. தாங்கல் போனதும், உள்ளே ஓடும் ரத்தத்தின் அழுத்தத்துக்கே குழாய் கிழிந்துவிடும். கசிவதுதான் வீக்கம், தோலின் அடுக்குகளுக்கிடையே தேங்கினால் கொப்புளம். பாஸ்போலிபேஸ் ஏ2 தசை செல்களின் சவ்வைச் சிதைக்கும். ஹயலுரோனிடேஸ் செல்களுக்கு நடுவே உள்ள பசையைக் கரைத்து மற்ற இரண்டுக்கும் வழி திறந்துவிடும். ரத்தம் போய்ச் சேராத சதை செத்துக் கறுக்கிறது. (நல்ல பாம்பு கடித்தாலும் சதை கறுக்கும், அங்கே முக்கியக் குற்றவாளி நொதி அல்ல, சைட்டோடாக்சின் என்ற சின்னப் புரதம்.)

இதெல்லாம் கடித்த சில நிமிடங்களிலேயே தொடங்கிவிடும். விஷமுறிவு மருந்து என்பது குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கும் எதிர்ப்புரதம். ரத்தத்தில் சுற்றும் விஷத்தை அது நன்றாகப் பிடிக்கும். கடிவாய்க்குள் மெதுவாகத்தான் நுழையும். செத்த சதையை அதனால் மீட்க முடியாது. ஆகவே இன்னும் நாலு பாட்டில் ஏற்றச் சொல்லி டாக்டரை நெருக்காதீர்கள்.

வழியில் யாராவது காலை இறுக்கிக் கட்டினார்களா? கட்டியிருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கட்டு நொதிகளை ஒரே இடத்தில் தேக்கி, ரத்த ஓட்டத்தையும் நிறுத்திவிடும்.

கொப்புளத்தை வீட்டில் குத்த வேண்டாம், பச்சிலையும் வேண்டாம். செத்த சதையின் எல்லை தெளிந்ததும் அறுவை நிபுணர் அதை நீக்குவார்; சிலருக்குத் தோல் ஒட்டும் சிகிச்சையும் தேவைப்படும். சர்க்கரை நோய் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காய்ச்சல், சீழ், நாற்றம், விரலை அசைத்தாலே தாங்க முடியாத வலி, மரத்துப்போதல், இதில் எது வந்தாலும் உடனே காட்டுங்கள்.

அப்புறம், எல்லோரும் காலையே பார்த்துக்கொண்டு சிறுநீரை மறந்துவிடுவார்கள். கண்ணாடி விரியன் சிறுநீரகத்தையும் கெடுக்கும். சிறுநீர் குறைகிறதா, நிறம் மாறுகிறதா என்று கவனியுங்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவான கிரியாட்டினின் எவ்வளவு என்று இன்றைக்கே கேளுங்கள்.