நிலநடுக்கப் பொறியியலில் ஆய்வாளராக வேண்டுமென்றால் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: பி.இ. சிவில் கடைசி ஆண்டு படிக்கிறேன். நில அதிர்வு இடர் மதிப்பீட்டில் பிஎச்டி முடித்துப் பேராசிரியராக ஆசை. என்ன படிக்க வேண்டும்? அன்றாடம் அதில் என்னதான் வேலை?

படிப்பு வழியை முதலில் சொல்லி முடித்துவிடலாம், அது நேரானது. கேட் நுழைவுத்தேர்வு எழுதி எம்.டெக்., பிறகு பிஎச்டி. ரூர்க்கி ஐஐடியில் இதற்கென்றே 1960 முதல் தனிப் பிரிவு இருக்கிறது. மற்ற ஐஐடிகளிலும் பெங்களூரு ஐஐஎஸ்சியிலும் ஸ்ட்ரக்சுரல் (கட்டமைப்பு) அல்லது ஜியோடெக்னிகல் (மண் பொறியியல்) பிரிவுக்குள் இருந்துகொண்டு இந்த வேலையைச் செய்பவர்கள் உண்டு. பிஎச்டிக்கு 4 முதல் 6 ஆண்டு ஆகும். ஜேஆர்எஃப் உதவித்தொகை முதல் 2 ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப்படி தனி. வெளிநாடு என்றால் இத்தாலியின் பவியா, ஜப்பானின் சுகுபா இரண்டையும் பாருங்கள்.

கைடு தேடுவதற்கு முன் முடிவுசெய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. நிலம் எவ்வளவு ஆடும் என்று சொல்பவர்கள் ஒரு பக்கம். அந்த ஆட்டத்துக்குக் கட்டடம் என்ன ஆகும் என்று பார்ப்பவர்கள் மறுபக்கம். நீங்கள் கேட்பது முதல் பக்கம். அங்கே காங்கிரீட்டை விட புள்ளியியலும் நிலவியலும்தான் அதிகம் தேவைப்படும். சிவில் மாணவர்கள் பலர் இது தெரியாமல் உள்ளே வந்து, இரண்டாம் ஆண்டில் நிகழ்தகவுப் பாடத்தை முதலிலிருந்து படிக்கிறார்கள். இப்போதே பைதானும் புள்ளியியலும் கற்றுக்கொண்டால் ஓராண்டு மிச்சம்.

இனி வேலை. நிகழ்தகவு முறை இடர் மதிப்பீடு 1968-ல் அமெரிக்கப் பொறியாளர் கார்னெல் வகுத்த சட்டகத்தில்தான் இன்றும் நடக்கிறது. அதிர்வு எங்கே பிறக்கும், எந்த அளவில் எத்தனை ஆண்டுக்கு ஒன்று, பிறந்தால் நம் இடத்தில் எவ்வளவு ஆட்டம்: இந்த மூன்றையும் பெருக்கிக் கூட்டுவதுதான் கணக்கு. கணக்கை ஓப்பன்குவேக் என்ற இலவச மென்பொருள் போட்டுத் தந்துவிடும். உங்கள் காலத்தில் முக்கால்வாசி அதற்குள் போடும் எண்களைச் சரிசெய்வதில் போகும்.

பழைய அதிர்வுகளின் பட்டியலில், அதாவது கேட்டலாகில் தொடங்குங்கள். ஐஎஸ்சி (பன்னாட்டு நில அதிர்வு மையம்), யுஎஸ்ஜிஎஸ் (அமெரிக்க நிலவியல் ஆய்வகம்), நம் தேசிய நில அதிர்வு மையம் என்று மூன்று இடத்திலிருந்து எடுத்து ஒன்றாக்கினால் ஒரே அதிர்வு இரண்டு முறை நுழையும். சில பழைய பட்டியல்களில் நேரம் இந்திய நேரப்படி இருக்கும், மற்றதில் உலக நேரம். 5 மணி 30 நிமிட வித்தியாசத்தில் ஒரே அளவு, ஒரே இடம் என்று இரு பதிவு கண்டால் சந்தேகப்படுங்கள். ஆழம் என்ற பத்தியில் 33, 33, 33 என்றோ 10, 10, 10 என்றோ வரிசையாக வந்தால் அது யாரும் அளந்த ஆழம் இல்லை, ஆழம் கண்டுபிடிக்க முடியாதபோது போட்டுவைக்கும் எண். அளவும் ஒரே வகையாக இருக்காது. எம்பி, எம்எஸ், எம்எல் என்று வெவ்வேறு அலைகளை வைத்துக் கணித்த அளவுகோல்கள் கலந்து கிடப்பதையெல்லாம் எம்டபிள்யூ என்ற ஒரே அளவுகோலுக்கு மாற்ற வேண்டும். பெரிய அதிர்வுகளில் எம்பி ஒரு கட்டத்துக்கு மேல் ஏறாது என்பதால், மாற்றும் சூத்திரம் எந்த அளவு வரை பொருந்தும் என்பதையும் பார்க்க வேண்டும்.

அடுத்தது பின்னதிர்வுகளைக் களைவது. அதற்குப் பிறகு, எந்த ஆண்டிலிருந்து எந்த அளவுக்கு மேல் பட்டியல் முழுமை என்று பார்ப்பது. பெங்களூரு அருகே கௌரிபித்னூர் அதிர்வுமானி வரிசை 1965-ல்தான் வந்தது. அதற்கு முன் தென்னிந்தியாவில் நிகழ்ந்த அளவு 3 அதிர்வுகளில் பெரும்பாலானவை எந்த ஏட்டிலும் ஏறவில்லை. அவற்றை நிகழவே இல்லை என்று எடுத்துக்கொண்டால் கணக்கு அங்கேயே கவிழும்.

ஏன் இவ்வளவு கவனம்? அளவு ஏற ஏற அதிர்வுகளின் எண்ணிக்கை எப்படிக் குறைகிறது என்று காட்டுவது குட்டன்பெர்க்-ரிக்டர் கோடு; அதன் சரிவான 'பி' மதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வட்டாரத்தில் அளவு 4-க்கு மேல் ஆண்டுக்கு சராசரி 0.5 அதிர்வு என்று வைப்போம். பி மதிப்பு 1.0 என்றால் அளவு 6-க்கு மேற்பட்டது 200 ஆண்டுக்கு ஒன்று. பி மதிப்பு 0.8 என்றால் 80 ஆண்டுக்கு ஒன்று. வித்தியாசம் வெறும் 0.2. முழுமை பார்க்காமல் சின்ன அதிர்வுகளைத் தவறவிட்ட பட்டியல் இந்த 0.2-ஐ அலட்டிக்கொள்ளாமல் கொடுத்துவிடும். எக்செலில் திரள் எண்ணிக்கைப் புள்ளிகளுக்கு (ஒவ்வோர் அளவுக்கும் மேல் மொத்தம் எத்தனை அதிர்வு) நேர்கோடு பொருத்துவது இன்னொரு வழக்கமான பிழை. அந்தப் புள்ளிகள் ஒன்றையொன்று சார்ந்தவை. அகி என்ற ஆய்வாளரின் அதிகபட்ச நிகழ்தகவு முறையைப் பயன்படுத்துங்கள்.

அதிர்வின் அளவையும் தொலைவையும் கொடுத்தால் ஆட்டம் எவ்வளவு என்று சொல்லும் நில ஆட்டச் சமன்பாட்டைத் தேர்வதில் அடுத்த கண்ணி. கலிபோர்னியா தரவில் செய்த சமன்பாட்டைத் தென்னிந்தியாவின் பழைய கெட்டிப் பாறைக்கு அப்படியே போட்டால், தொலைவில் ஆட்டத்தைக் குறைத்துக் காட்டும். நம் பாறையில் அலை மெதுவாகத்தான் தேயும். 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் பூஜ் நிலநடுக்கத்தில் 200 கி.மீ.க்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் விழுந்தன. அங்கே பாஸ்போர்ட் அலுவலகக் கட்டடத்தில் பதிவான உச்ச முடுக்கம் ஏறக்குறைய 0.11 ஜி (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்). விழுந்ததற்குத் தூண்கள் மட்டும் நிற்கும் திறந்த கீழ்த்தளமும், நகரின் கனத்த வண்டல் மண்ணும் சேர்ந்தே காரணம் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒவ்வொரு சமன்பாடும் எந்தத் தொலைவைக் கேட்கிறது என்று படியுங்கள். மையத்திலிருந்தா, பிளவுத் தளத்திலிருந்தா, அதன் தரைநிழலிலிருந்தா? அளவு 5-ல் பெரிய வித்தியாசம் தெரியாது, அளவு 7.5-ல் பல பத்து கிலோமீட்டர் மாறும். சமன்பாடு சொல்வதற்கும் உண்மையில் பதிவாவதற்கும் இடையே உள்ள சிக்மா என்ற சிதறலையும் விட்டுவிடாதீர்கள். இயற்கை மடக்கையில் 0.65 என்றால், ஒரு சிக்மா மேலே போனால் ஆட்டம் கிட்டத்தட்ட இரு மடங்கு.

மண் பக்கம் ஒரு சின்னக் கணக்கு. மேல் 30 மீட்டருக்கான சராசரி வெட்டலை (மண்ணைக் குறுக்கே ஆட்டும் அலை) வேகம்தான் விஎஸ்30. மேலே 4 மீட்டர் தளர்ந்த மண், வேகம் நொடிக்கு 120 மீட்டர். அடுத்து 10 மீட்டர், 350. அதன்கீழ் 16 மீட்டர், 600. தடிமனை வைத்து நேராகச் சராசரி எடுத்தால் 453 வரும். அது தவறு. அலை கடக்கும் நேரத்தைக் கூட்ட வேண்டும்: 4/120, 10/350, 16/600 மூன்றும் சேர்ந்து 0.0886 நொடி, 30-ஐ அதனால் வகுத்தால் 339. அமெரிக்காவின் நெஹ்ர்ப் மண் வகைப்பாட்டின் 2020-க்கு முந்தைய பதிப்புகளில் 360-க்கு மேல் சி, கீழே டி. ஒரு வகுத்தல் பிழையில் தளர்மண் தளம் கெட்டித் தளமாகிவிட்டது பாருங்கள். இந்த வேகத்தை அளக்க, சம்மட்டியால் தரையைத் தட்டி, 24 ஜியோஃபோன் (தரை அதிர்வு உணரி) கொண்டு களத்தில் மாஸ்வ் என்ற மேற்பரப்பு அலைச் சோதனை செய்யும்போது 30 மீட்டர் ஆழம் எட்டவே இல்லை என்பதும் அடிக்கடி நடக்கும். சம்மட்டி அடியில் தாழ் அதிர்வெண் போதாது. எட்டாத ஆழத்துக்கு மென்பொருள் ஊகித்த கோட்டை அளவீடு என்று எழுதக்கூடாது.

475 ஆண்டு மீள்காலம் என்றால் 475 ஆண்டுக்கு ஒருமுறை கடிகாரம்போல் வரும் என்று பொருள் இல்லை. 50 ஆண்டில் அந்த ஆட்டம் மீறப்பட 10 சதவீத வாய்ப்பு, அவ்வளவுதான். 2 சதவீதம் என்றால் 2475 ஆண்டு. நேர்முகத்தில் கட்டாயம் கேட்பார்கள்.

நிலநடுக்க வடிவமைப்புக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 1893-ன் 2016 பதிப்பில் உள்ள மண்டல வரைபடம் இந்த நிகழ்தகவு முறையில் பிறந்தது அல்ல, நிலநடுக்கங்கள் வர வர திருத்தப்பட்டது. 1967-ல் மகாராஷ்டிரத்தின் கொய்னாவில் நிலநடுக்கம், பிறகு 1970-ல் திருத்தம். 1993 செப்டம்பர் 30 அன்று நிலநடுக்கம் தாக்கிய, அதே மாநிலத்தின் கில்லாரி, அன்றைய மிகக் குறைந்த மண்டலமான மண்டலம் ஒன்றில் இருந்தது. 2002-ல் அந்த மண்டலமே நீக்கப்பட்டது, சென்னையும் மண்டலம் இரண்டிலிருந்து மூன்றுக்கு ஏறியது. பட்டியலில் ஒன்றும் இல்லை, ஆகவே ஆபத்தில்லை என்று எழுதத் தோன்றும்போது கில்லாரியை நினைத்துக்கொள்ளுங்கள்.

வேலைவாய்ப்பைப் பற்றி யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. 'இடர் மதிப்பீடு' என்று உதவிப் பேராசிரியர் விளம்பரம் வருவது அபூர்வம். ஸ்ட்ரக்சுரல் அல்லது ஜியோடெக்னிகல் என்றுதான் வரும். ஆகவே ஆர்சிசி வடிவமைப்போ மண் இயக்கவியலோ வகுப்பெடுக்கும் அளவுக்குக் கையில் இருக்க வேண்டும். இயற்பியல் அல்லது புவியியற்பியலில் எம்.எஸ்சி. படித்தவர்களுக்கு சிவில் துறைக் கதவு பெரும்பாலும் திறக்காது. ஹைதராபாத் என்ஜிஆர்ஐ, டேராடூன் வாடியா, காந்திநகர் ஐஎஸ்ஆர் போன்ற ஆய்வு நிறுவனங்கள் அவர்களுக்கான இடம். சென்னை தரமணியில் சிஎஸ்ஐஆர்-எஸ்இஆர்சி இருக்கிறது, அது கட்டமைப்புச் சோதனைப் பக்கம்.

பேப்பர் எண்ணிக்கைக்காக ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி அதே ஆய்வைத் திரும்பத் திரும்ப எழுதும் பழக்கம் இத்துறையில் உண்டு. பிஎஸ்எஸ்ஏ, எர்த்குவேக் ஸ்பெக்ட்ரா போன்ற இதழ்களின் மதிப்பீட்டாளர்கள் லாஜிக் ட்ரீயில் (மாற்று மாதிரிகளை எடை கொடுத்துச் சேர்க்கும் கிளைப்படம்) எல்லாக் கிளைக்கும் சம எடை கொடுத்திருந்தால் ஏன் என்று கேட்பார்கள். பதில் இல்லையென்றால் திரும்பி வரும். கட்டடப் பக்கத்தில் இந்தப் பழக்கத்தின் உடன்பிறப்பு, எந்த ஊர்க் கட்டடத்துக்கும் கலிபோர்னியாவின் 1940 எல் சென்ட்ரோ நிலநடுக்கப் பதிவை எடுத்து ஓட்டுவது.

எந்தக் கைடுக்கும் மின்னஞ்சல் போடுவதற்கு முன் ஒரு மாதம் இதைச் செய்துபாருங்கள். கோயம்புத்தூரைச் சுற்றி 300 கி.மீ. வட்டத்துக்கு ஐஎஸ்சி பட்டியலை இறக்குங்கள். 1900 பிப்ரவரி 8 அன்று அங்கே நிகழ்ந்த, அளவு 6-ஐ ஒட்டிய அதிர்வைச் சேர்த்து ஒரு முறை, சேர்க்காமல் ஒரு முறை பி மதிப்பு கண்டுபிடியுங்கள். பிறகு எல்லாச் சிறு அதிர்வுகளையும் நாளின் எந்த மணியில் நிகழ்ந்தன என்று பிரித்து வரையுங்கள். நண்பகலை ஒட்டியோ மாலையிலோ மட்டும் குவியல் தெரிந்தால், அவற்றில் பல நிலநடுக்கமே இல்லை. கல்குவாரியில் வைத்த வெடி.